சிக்கிள் செல் ஹீமோகுளோபினை உங்க போன்லயே சுழற்றிப் பார்க்கலாம்!

பாடப் புத்தகத்துல ஹீமோகுளோபின் படம் பார்த்திருப்பீங்க. நாலு கலர்ல சுருண்டு கிடக்கும் நூடுல்ஸ். மனப்பாடம் பண்ணி மார்க்கும் வாங்கியிருப்பீங்க. ஆனா, அதோட வடிவம் ஏன் முக்கியம்னு புரிஞ்சுதா?

போனை எடுங்க. புரதங்களின் முப்பரிமாண வடிவங்களைச் சேர்த்துவைக்கும் ‘புரோட்டீன் டேட்டா பேங்க்’, 1971-ல் வெறும் 7 வடிவங்களோடு தொடங்கியது. இப்போது 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. எல்லாமே இலவசம், ஆப்கூட வேண்டாம். ‘4ஹெச்ஹெச்பி’ என்று (இங்கிலீஷ்லதான்!) தேடி, 3டி வியூவைத் திறங்க. விரலால் இழுத்தால் சுழலும். நான்கு சங்கிலிகள், ஒவ்வொன்றின் மடிப்பிலும் ஒரு ஹீம், அதன் நடுவே இரும்பு அணு. ஆக்சிஜனுக்கான சீட் அதுதான். கலரெல்லாம் நம்ம வசதிக்குத்தான். நிஜத்தில் அணுவுக்குக் கலர் கிடையாது.

அடுத்து ‘2ஹெச்பிஎஸ்’. இது சிக்கிள் செல் ரத்தசோகையின் ஹீமோகுளோபின். நீலகிரிப் பழங்குடி மக்களிடமும் காணப்படும் பரம்பரை நோய் இது. பீட்டா சங்கிலியின் 146 அமினோ அமிலங்களில், 6-வது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின். மாற்றம் அவ்வளவுதான். ஆனா, வேலினுக்குத் தண்ணீர் ஆகாது. ஆக்சிஜனை இறக்கிவிட்டதும், பக்கத்து ஹீமோகுளோபினில் இருக்கும் ஒரு குழிக்குள் போய்ச் செருகிக்கொள்ளும். இப்படியே ஒன்றோடொன்று கோத்து நாராக நீள, வட்டத் தட்டு போன்ற ரத்த அணு அரிவாள்போல வளையும். சின்ன ரத்தக்குழாய்களில் போய் அடைக்கும். உயிர்போகும் வலி அங்கேதான் ஆரம்பிக்குது.

ரிப்பன் படத்தில் அந்தக் குழி தெரியாது. சர்ஃபேஸ் வியூவுக்கு மாத்தி, ஜூம் பண்ணிப் பாருங்க.