முன்பருவக் குழந்தைகளின் தருக்கச் சிந்தனையும் வீட்டு விளையாட்டுகளும்

தருக்கச் சிந்தனை என்பது தெரிந்த ஒன்றிலிருந்து தெரியாத ஒன்றைக் காரணத்தோடு கண்டறியும் திறன் ஆகும். ஒப்பிடுதல், இனம் பிரித்தல், வரிசைப்படுத்துதல், அடுத்து வருவதை ஊகித்தல், ‘ஏன்’ என்பதற்கு விடை சொல்லுதல் ஆகியவை இதன் தொடக்கப் படிகள். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள முன்பருவத்தில் இத்திறன் பொருள்களைக் கையால் தொட்டு, மாற்றி வைத்துப் பார்ப்பதால்தான் பெரிதும் வளர்கிறது.

மதுரையின் மேற்கே வைகைக் கரையில், மேலக்கால் சாலையை ஒட்டியுள்ள கோச்சடை போன்ற பகுதிகளில் முன்பருவக் கல்வி இரு வழிகளில் கிடைக்கிறது. ஒன்று அங்கன்வாடி, மற்றொன்று தனியார் பள்ளிகளின் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள். நான்கு வயதுக் குழந்தை நூறு வரை எழுதினால் பள்ளி நல்ல பள்ளி என்று பெற்றோர் பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் நூறு வரை ஒப்பிக்கும் அதே குழந்தையிடம் “ஐந்து புளியங்கொட்டை எடுத்துக் கொடு” என்றால் கை நிறைய அள்ளித் தருவதும் உண்டு. ஒப்பித்தல் நினைவாற்றலைக் காட்டும். ஐந்து என்பது எவ்வளவு என்று அறிவது சிந்தனை. முதல் வகுப்பில் கணக்கு கசக்கத் தொடங்குவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

குழந்தை எப்படிச் சிந்திக்கிறது?

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே (1896–1980) இரண்டு முதல் ஏழு வயது வரையுள்ள காலத்தைச் செயலுக்கு முற்பட்ட நிலை என்று குறித்தார். அவருடைய சோதனைகளை எந்த வீட்டிலும் செய்து பார்க்கலாம். ஒரே அளவான இரு டம்ளர்களில் சமமாகத் தண்ணீர் ஊற்றி, குழந்தை ‘சமம்’ என்று ஒப்புக்கொண்ட பின், ஒன்றிலுள்ளதை அகலமான கிண்ணத்துக்கு மாற்றினால், டம்ளரில்தான் தண்ணீர் அதிகம் என்று நான்கு வயதுக் குழந்தை சொல்லும். உயரம் மட்டுமே அதன் கண்ணுக்குப் படுகிறது. ஆறு மல்லிகையும் இரண்டு கனகாம்பரமும் வைத்து “மல்லிகை அதிகமா, பூ அதிகமா?” என்று கேட்டால் “மல்லிகை” என்பதே பெரும்பாலும் விடையாக வரும். மல்லிகையும் பூவில் அடக்கம் என்பதை அந்த வயதில் ஒருசேர எண்ணிப் பார்ப்பது கடினம்.

இதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. பியாஜே குழந்தைகளைக் குறைத்து மதிப்பிட்டார் என்ற மறுப்பும் உண்டு. மார்கரெட் டொனால்ட்சன் 1978-இல் வெளியிட்ட ‘சில்ட்ரன்ஸ் மைண்ட்ஸ்’ என்ற நூலில், கேள்வி குழந்தைக்குப் பழகிய, பொருளுள்ள சூழலில் அமைந்தால் அது இன்னும் நன்றாகச் சிந்திக்கிறது என்று காட்டினார். வீட்டு விளையாட்டுகளின் வலிமை இங்கேதான் இருக்கிறது.

ஒற்றையா, இரட்டையா

கையில் சில புளியங்கொட்டைகளை மூடிக்கொண்டு ஒற்றையா இரட்டையா என்று கேட்கும் ஆட்டம் தமிழ்நாடு முழுவதும் தெரிந்ததே. இதில் கவனிக்க வேண்டியது சரிபார்க்கும் முறை. கொட்டைகளைக் கொட்டி, இரண்டிரண்டாகச் சோடி சேர்க்க வேண்டும். சோடி இல்லாமல் ஒன்று நின்றால் ஒற்றை. இருபது வரை எண்ணத் தெரியாத குழந்தைகூட, பதினேழு கொட்டைகளை இப்படிப் பிரித்து ‘ஒற்றை’ என்று உறுதியாகச் சொல்ல முடியும். எண்ணின் பெயர் தெரியாமலே எண்ணின் பண்பை அது நிறுவிவிடுகிறது! இதைவிட நல்ல முதல் கணக்குப் பாடம் கிடைப்பது அரிது. அடுத்து, “இன்னும் ஒரு கொட்டை போட்டால் என்ன ஆகும்?” என்று கேட்கலாம். முதலில் போட்டுப் பார்த்துச் சொல்லும். சில நாளில் போடாமலே சொல்லும்.

பல்லாங்குழி

ஏழேழாக இரு வரிசையில் பதினான்கு குழிகள் கொண்ட பலகையில் ஆடப்படுவது பல்லாங்குழி. குழிக்கு ஐந்து முத்து வைத்தால் மொத்தம் எழுபது. ஒரு குழியை அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுச் செல்ல வேண்டும். கைமுத்து தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளி ஆட்டத்தைத் தொடர வேண்டும். அந்த அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதைத் தாண்டியுள்ள குழியின் முத்துகள் ஆடுபவருக்குச் சேரும். ஊருக்கு ஊர் விதி சற்று மாறும்.

நான்கு வயதுக்கு முழுப் பலகை மிகுதி. தரையில் ஆறு வட்டம் வரைந்து, வட்டத்துக்கு இரண்டு கொட்டை வைத்தால் போதும். குழிக்கு ஒன்று என்ற ஒழுங்கே ஒன்றுக்கொன்று பொருத்துதல். “கடைசிக் கொட்டை எந்த வட்டத்தில் விழும்? விரலை வைத்துக் காட்டு” என்று போடுவதற்கு முன்பே கேட்பது அதற்கு அடுத்த படி. ஆடு புலி ஆட்டம் இந்த வயதுக்கு எட்டாது. மூன்று புலியும் பதினைந்து ஆடும் கொண்ட அதை அண்ணனும் அக்காளும் ஆடும்போது பக்கத்தில் இருந்து பார்த்தாலே போதும்.

சமையலறையும் பூக்கூடையும்

மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் சில ஆண்டுகள், அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த கொடைக்கானலில் தங்கினார். அவருடைய உருளைக் கட்டைகள் தவறான குழியில் பொருந்தா. ஆகவே தவறைச் சுட்டிக்காட்ட ஆசிரியர் தேவையில்லை. விலை கொடுத்து வாங்க இயலாதவர்கள் வீட்டுச் சம்படங்களையும் அவற்றின் மூடிகளையும் கலைத்துப் போட்டால் அதே வேலை நடக்கும்.

துவரம்பருப்பு, உளுந்து, மொச்சை மூன்றையும் முறத்தில் கலந்து கொடுத்து இனம் பிரிக்கச் சொல்லலாம். பொத்தான்கள் இன்னும் நல்லவை. முதலில் நிறப்படி பிரிக்கச் செய்து, பிறகு அதே பொத்தான்களைப் பெரிது சிறிது என்று பிரிக்கச் சொல்ல வேண்டும். மூன்று வயதுக் குழந்தைகள் பலர் பழைய விதியிலேயே நிற்பார்கள். ஐந்து வயதில் பெரும்பாலோர் மாறிக்கொள்வார்கள். பூக்கட்டும் வீடுகளில் இரண்டு மல்லிகை, ஒரு கனகாம்பரம் என்று வரிசையாக அடுக்கி, அடுத்து எந்தப் பூ என்று கேட்கலாம். நடுவில் ஒரு பூவை எடுத்துவிட்டு விடுபட்டது எது என்று கேட்பது சற்றுக் கடினமான வடிவம்.

பெரியவர்கள் செய்ய வேண்டியது

குழந்தை உளுந்தில் மொச்சையைப் போட்டால் உடனே “தப்பு” என்று சொல்லாமல், “ஏன் தங்கம் இதை இங்க வச்ச?” என்று கேட்பது நல்லது. “இது அதோட தம்பி” என்று விடை வரலாம். அதிலும் ஒரு காரணம் இருக்கிறது. காரணம் சொல்லத் தொடங்கிய குழந்தை நாளடைவில் நல்ல காரணம் சொல்லும். பத்து பதினைந்து நிமிடங்கள் போதுமானவை. சலித்துக்கொண்டால் நிறுத்திவிட வேண்டும்.

அரசுத் திட்டங்கள்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டது. முன்பருவக் கல்வி அதன் ஆறு சேவைகளுள் ஒன்று. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற விளையாட்டுவழிப் பாடத்திட்டம் உள்ளது. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன.

பாதுகாப்பு

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகள் உள்ள வீட்டில் கொட்டை, பொத்தான், பருப்பு ஆகியவற்றைப் பெரியவர் பக்கத்தில் இல்லாமல் கொடுக்கக் கூடாது. தொண்டையில் சிக்கும்; மூக்கிலும் காதிலும் நுழைத்துக்கொள்வார்கள். பல்லாங்குழிக்குக் குன்றிமணியைப் பயன்படுத்தும் பழக்கம் உண்டு. அதன் விதையில் கொடிய நஞ்சு இருப்பதால் சிறு குழந்தைகளின் ஆட்டத்துக்கு அது ஆகாது. அதற்குப் பதிலாகப் புளியங்கொட்டையோ சோழியோ போதும். ஆட்டம் முடிந்ததும் எண்ணி டப்பாவில் போடும் வேலையைக் குழந்தையிடமே விட்டுவிடலாம்.