சேலைத் திரைக்குப் பின்னால்

செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தம் போடாமல் வாருங்கள். இந்த அரசுத் தொடக்கப் பள்ளியில் இன்னும் சற்று நேரத்தில் பொம்மலாட்டம். பார்க்க வருகிறவர்கள் முன்பக்கம் உட்காருவார்கள். நமக்கோ, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கட்டிய பழைய சேலைக்குப் பின்னாலேயே இடம் கிடைத்துவிட்டது!

தரையெங்கும் அமளி. காலண்டர் அட்டை, கல்யாணப் பத்திரிகை, ஐஸ் குச்சி, மூடி தொலைந்த ஸ்கெட்ச். காற்றாடியைப் போட்டால் காகிதம் பறக்குமாம், அணைத்துவிட்டார்கள். ஒரு நெற்றி மிச்சமில்லாமல் வியர்வை. விரலில் காய்ந்த பசையை உரித்து உரித்து எடுப்பதில் அந்தக் குட்டிப் பெண்ணுக்குத்தான் எத்தனை ஆனந்தம்!

கதை, பாட்டி சுட்ட வடை. காகம் வரைகிற பையன் திடீரென நிற்கிறான். "வடை வாயிலயா, கால்லயா?"

"வாயிலதான்டா!"

"இல்ல, கால்ல!"

டீச்சர் தீர்ப்புச் சொல்லவில்லை. "புத்தகத்துல என்ன இருக்கு? படிச்சுப் பாருங்க."

நான்கு தலைகள் ஒரே பக்கத்தின்மேல் முட்டிக்கொள்கின்றன. ஒருவன் எழுத்துக்கூட்டிப் படிக்க, மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக் கேட்கிறார்கள். விஷயம் இதுதான்: நரி புகழும்போது வடை வாயில், காகம் பாடும்போது காலுக்கடியில். அப்படியானால் காகம் இரண்டு வேண்டும்! மறுபடி கத்தரிக்கோல் தேடும் படலம்.

இதைக் காட்டத்தான் உங்களை அழைத்து வந்தேன். வெறுமனே வாசித்திருந்தால் அந்த வரியைக் கடந்து போயிருப்பார்கள். வரைகிற கை கடக்க விடாது. யார் எங்கே நின்றார், கையில் என்ன, முகம் எப்படி என்று தெரிந்தால்தான் அடுத்த கோடு விழும்.

அந்தப் பக்கம் ஒருத்தி நரிக்கு இரண்டு முகம் ஒட்டுகிறாள். முன்னால் சிரிப்பு, பின்னால் தொங்கும் நாக்கு. ஏன் என்று கேட்டால், "அது சும்மா புகழுது டீச்சர், அதுக்கு வடைதான் வேணும்" என்கிறாள். கதையில் எழுதாததையும் படித்துவிட்டாள்!

சுவரில் அரும்பு, மொட்டு, மலர் என்று எழுதிய அட்டைகளைப் பாருங்கள். கொரோனா காலத்தில் பள்ளி மூடிக் கிடந்து விட்டுப்போன படிப்பை மீட்க, 2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் நிலைகள் இவை. 2025-க்குள் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எல்லோரும் பொருள் புரிந்து படிக்க வேண்டும் என்பது அதன் இலக்காக இருந்தது. பாட்டு, கதை, பொம்மை, கைவேலை எல்லாம் அதனால்தான் பாடவேளைக்குள்ளேயே வந்து உட்கார்ந்தன.

உஷ்! ஆரம்பித்துவிட்டது. சேலைக்குக் கீழே முட்டிபோட்ட கால்கள் நெளிகின்றன. முதல் காகம் இறங்க, இரண்டாம் காகம் ஏற, "தள்ளுடா, என் நரி நசுங்குது!" என்று ஒரு கிசுகிசுப்பு. வடை காலுக்கடியில் போனதும் முன்பக்கம் கைதட்டல் அதிர்கிறது.

முடிந்ததும் முன்வரிசைச் சிறுவன் எழுந்து கேட்கிறான்: "பாட்டிக்கு வடை திரும்பக் கெடைச்சுதா?"

மறுபடி எல்லோரும் புத்தகத்துக்கு ஓடுகிறார்கள். கடைசி வரிவரை தேடியும் பதில் இல்லை.

"அப்போ அத நாமதான் வரையணும்!" என்கிறது ஒரு குரல். காலண்டர் அட்டைக்கு மறுபடி அடிதடி!