சைலன்சருக்குள் ஒரு எதிரொலி

மைசூரு யாதவகிரியில் இருந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961 முதல் 1996 வரை வண்டி தயாரித்தது. அக்ரஹாரம் பக்கம் பழைய ஜாவா ஒன்று போனால் திரும்பிப் பார்க்காமலே பேர் சொல்லிவிடலாம், சத்தம் அப்படி. பால்காரருக்கும் வாத்தியாருக்கும் உழைத்த அதே ஜாவாவும், அந்தத் தொழிற்சாலையின் யெஸ்டியும் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில், பந்தயமும் ஓடின.

ஷோரூம் வண்டியைப் புதுப் பந்தய சீசனுக்குத் தயார் செய்யும்போது பாதி வேலை சைலன்சரில்தான். இந்த வண்டிகளின் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் வால்வு இல்லை. சிலிண்டர் சுவரிலுள்ள போர்ட்டுகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. புகை போகும் வழி திறந்திருக்கையிலேயே புதுக் கலவையும் உள்ளே வருவதால், கொஞ்சம் பெட்ரோல் எரியாமலே வெளியே ஓடிவிடும்.

ஓடியதைத் திருப்பி அனுப்புவது ஓர் அலை. புகை பீறிடும்போது சைலன்சர் குழாயில் அழுத்த அலை கிளம்புகிறது. குழாய் விரியும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி, மிச்சப் புகையை இழுக்கிறது. குறுகும் இடத்தில் மோதித் திரும்பும்போதோ, தப்பிய கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. உடனே போர்ட் மூட வேண்டும். நிமிடத்துக்கு 6,000 சுற்றில், போர்ட் திறந்திருப்பது விநாடியில் 200-இல் ஒரு பங்குக்கும் குறைவு. சூடான புகையில் அலை விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் போகும். போய்த் திரும்பக் குழாய் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம் இருந்தால் கணக்குச் சரி.

இந்த அலை வித்தையை 1950களில் தேர்ந்த கலையாக்கியவர் கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் நிறுவனத்தின் வால்டர் காடன். 1961-இல் அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குப் பக்கம் தப்பியோடி, அந்த வித்தையோடு சுசுகியில் சேர்ந்தார். மறு வருடமே 50சிசி உலகப் பட்டம். உளவுக்கதை மாதிரி இருக்கும், நடந்தது.

அலையின் வேகம் அதிகம் மாறாது, இன்ஜின் வேகம் மாறும். அதனால் ஒரு குழாய் ஒரு வேகத்துக்குத்தான் பொருந்தும். நீளமான நேர்பாதைக்குக் குழாயை வெட்டிக் குறைக்கலாம். உச்ச வேகத்தில் சீறும், கீழே இழுக்காது. வளைவு அதிகமுள்ள தடத்தில் அதே வண்டி திணறும். ஆகவே முதலில் தடம், அப்புறம் குழாய்.

கடைசியில், பெட்ரோல் அளவு சரியா என்று காட்டும் ஸ்பார்க் பிளக். முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டி, சட்டென இன்ஜினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். காப்பி நிறமென்றால் நல்லது. கருப்பென்றால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, பிஸ்டன் ஓட்டையாகலாம். உடனே கார்புரேட்டரில் ஒரு சைஸ் பெரிய ஜெட் மாட்டி மறுபடி ஓட்டுவார்கள்.