அகபுல்கோவுக்குச் செல்லும் வழி

மெக்சிகோ நகரிலிருந்து பசிபிக் கடற்கரை நகராகிய அகபுல்கோவுக்கு மோட்டார் வண்டியில் செல்வோர், 1993ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 'கதிரவன் நெடுஞ்சாலை' வழியே மலைகளைக் கடந்து சில மணி நேரத்தில் கடலைக் காண்பர். ஆனால், இம்மலைகளைக் கடந்து நடைபெற்ற வாணிகம் மிகப் பழைமையானது.

1565 முதல் 1815 வரை மணிலாவிலிருந்து வந்த இசுபானியக் கப்பல்கள் அகபுல்கோவில் சரக்கு இறக்கின. சீனப் பட்டும், நறுமணப் பொருள்களும், இந்தியப் பருத்தித் துணிகளும் கோவேறு கழுதைகளின் முதுகிலேறித் தலைநகரை அடைந்தன.

அந்நாட்டுச் சந்தைகளில் ஒருவகை மாம்பழத்துக்கு இன்றும் 'மணிலா' என்றே பெயர். 'மங்கோ' என்னும் சொல்லோ மணிலாவுக்கும் அப்பாலிருந்து வந்தது. தமிழின் 'மாங்காய்', மலையாளத்தின் 'மாங்ஙா' ஆகியவற்றின் வழியே போர்த்துக்கீசியரின் 'மங்கா' பிறந்தது. அதன் வழிவந்ததே இசுபானியச் சொல்.

பொருள் செல்லுமிடமெல்லாம் பெயரும் உடன் செல்லும் என்பதை மாணவர்க்கு விளக்க இஃது ஏற்ற சான்றாகும்.