முடிச்சில்லா முடிச்சு

"ஈயைக் கட்டி மீன் பிடிப்பதா?" என்று வகுப்பு நண்பர்கள் நகைத்தார்கள். நகைக்கட்டும். நம் நீலகிரியில் டிரவுட் மீனை வளர்க்க 1863-இல் டாக்டர் பிரான்சிஸ் டே முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் வென்றார். நீரின்மேல் விழும் பூச்சிகளைத் தாவி விழுங்கும் மீன் அது. ஆதலால் தூண்டில் முள்ளில் இறகையும் பட்டுநூலையும் சுற்றிப் பூச்சி போலவே செய்து வீசுகிறார்கள். அதுதான் ஈ. இதற்கென நம் மலைக்காட்டுச் சேவலின் கழுத்திறகை அயல்நாட்டார் ஒரு காலத்தில் போட்டியிட்டு வாங்கினார்கள். இன்று அப்பறவைக்குச் சட்டத்தின் காவல் உண்டு. எங்களுக்கு வீட்டுச் சேவலே போதும்.

"எங்களுக்கு" என்றது என்னையும் அடுத்த வீட்டுத் தாத்தாவையும். ஈ கட்டி விற்பது அவர் பிழைப்பு. சென்ற ஆண்டு அவருக்குக் கைநடுக்கம் கண்டது. இறகு சுற்றுவதுவரை எப்படியோ சமாளிப்பார். கடைசி முடிச்சு மட்டும் இயலவில்லை. "நீ போடு தம்பி" என்றார். பூக்கட்டும் தாயின் மகனுக்கு முடிச்சா தெரியாது? பன்னிரண்டு ஈக்களுக்கும் அம்மாவின் முடிச்சையே போட்டேன். வாங்கிச் சென்றவர் மூன்றாம் நாள் எட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். நூல் பிரிந்து, இறகு உதிர்ந்து, முள் மட்டும் எஞ்சியிருந்தது. தாத்தா ஒன்றும் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார்.

பிழை எங்கே? பூச்சரத்தில் போடுவது அரைமுடிச்சு. விரலில் ஒரு வளையம் எடுத்துக் காம்பின்மேல் மாட்டி இழுக்கிறோம். அது நழுவாமல் அடுத்த முடிச்சு காக்கிறது. ஈயிலோ கடைசி முடிச்சுக்குப் பின் காவலுக்கு ஆளில்லை.

ஆங்கிலத்தில் 'விப் ஃபினிஷ்' எனப்படும் முறையைத் தாத்தா கற்பித்தார். முள்ளில் அல்ல, பென்சிலில், சணல் கயிற்றைக் கொண்டு! நீங்களும் அப்படியே செய்து பாருங்கள். பென்சிலில் பத்துச் சுற்றுச் சுற்றி, கயிறு தளராமல் பிடித்துக்கொள்ளுங்கள். மிச்சக் கயிற்றை வலக்கை விரல்கள் இரண்டில் வளையமாக்கி, அதன் நுனிப்பக்கத்தைப் பென்சிலின் நீளவாக்கில் படுக்க வையுங்கள். இனி வளையத்தின் மற்றப் பக்கத்தை, அதாவது பென்சிலிலிருந்து புறப்படும் பக்கத்தை, பென்சிலையும் படுத்திருக்கும் கயிற்றையும் சேர்த்து நான்கைந்து முறை சுற்றுங்கள். பிறகு நுனியை இழுத்தால் வளையம் சுருங்கிச் சுருங்கிச் சுற்றுகளின் அடியில் மறைந்துவிடும். அங்கே முடிச்சென்று ஒன்றுமே இல்லை! கயிறு தன்னையே அமுக்கிக்கொண்டு கிடக்கிறது. இயற்பியல் நண்பர்கள் உராய்வு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். கிரிக்கெட் மட்டையின் கைப்பிடியில் சுற்றிய நூலின் நுனியைத் தேடிப் பாருங்கள். அதுவும் இப்படித்தான் ஒளிந்திருக்கும்.

பென்சிலில் ஒரு மாலையில் வந்துவிட்டது. முள்ளில் வர ஒரு மாதம் ஆயிற்று. சுற்று ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் இழுக்கும்போது சிக்கிக்கொள்ளும். வளையம் சுருங்குகையில் முறுக்கிக்கொள்ளாதபடி அதனுள் ஓர் ஊசியை நுழைத்துப் பிடித்துக்கொண்டு, கடைசி நொடியில் உருவ வேண்டும். வேகமாக இழுத்தால் நூலே அறும். முள்ளின் காதருகே சிறிது இடம் விடாவிட்டால் சுற்றுகள் காதை மூடிவிடும். பிறகு நரம்பை எதில் கோப்பது? இத்தனைக்கும் பிறகு நூலை ஒட்ட அறுத்து, ஒரு சொட்டு வார்னிஷ் வைத்தால் வேலை முடிந்தது.

எட்டு ஈக்களைத் திருப்பித் தந்தவர் இவ்வாண்டு மீண்டும் வந்து ஒரு டஜன் கேட்டார். தாத்தா ஒவ்வொன்றின் தலையையும் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்த்தார். பதினொன்று தேறின. பன்னிரண்டாவதைப் பிளேடால் அறுத்து, வெறும் முள்ளை என் கையில் வைத்தார்.