ஒரு பக்கம் மட்டும், மெதுவாக: கழுத்தடித் தமனிகளைக் கற்பித்தல்

பத்தாம் வகுப்பில் சுற்றோட்ட மண்டலம் நடத்திக்கொண்டிருந்தேன். மணிக்கட்டில் நாடித்துடிப்பை எண்ணி முடித்ததும், "கழுத்திலும் துடிப்பு தெரியும், தொட்டுப் பாருங்கள்" என்றேன். எப்படித் தொடுவது என்று சொல்லவில்லை. கடைசி வரிசை மாணவன் ஒருவன் இரு கைகளாலும் கழுத்தின் இரு பக்கங்களையும் அழுத்தினான். சற்று நேரத்தில் "தலை சுத்துது, சார்" என்று மேசையில் சாய்ந்தான். தரையில் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்தியதும் தெளிந்துவிட்டான். எனக்குத்தான் படபடப்பு அடங்க நேரமாயிற்று. அன்று மாலை உடற்கூறியல் நூலைத் திறந்தேன். அதில் படித்ததையும் இப்போது வகுப்பில் நான் பின்பற்றும் முறையையும் இங்கே பகிர்கிறேன்.

மூன்று கிளைகள்

இதயத்திலிருந்து மேலெழும் பெருந்தமனி, மார்பெலும்பின் மேற்பகுதிக்குப் பின்னால் வில்போல் வளைகிறது. அந்த வளைவிலிருந்து பெரும்பாலானோருக்கு மூன்று கிளைகள் புறப்படுகின்றன. முதல் கிளை குட்டையானது, பருமனானது. வலது காரை எலும்பும் மார்பெலும்பும் சேரும் மூட்டுக்குப் பின்னால் அது இரண்டாகப் பிரிகிறது. ஒன்று தலைக்குச் செல்லும் வலது பொதுக் கரோடிட் தமனி. மற்றொன்று கைக்குச் செல்லும் வலது சப்கிளேவியன் தமனி. இடப்பக்கத்தில் இந்த இரண்டும் பெருந்தமனியிலிருந்தே தனித்தனியாகக் கிளம்புகின்றன. உடலின் இரு பக்கமும் ஒரே அச்சு என்று நினைக்கும் மாணவர்களுக்கு இது வியப்பளிக்கும். கரும்பலகையில் முதலில் வலப்பக்கத்தை மட்டும் வரைந்து, "இடப்பக்கம் எப்படி இருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் பிறகு விடையை வரையலாம்.

கைக்கும் மூளைக்கும்

சப்கிளேவியன் தமனி முதல் விலா எலும்பின் மேலாக வளைந்து, காரை எலும்புக்கு அடியில் கைக்குள் நுழைகிறது. வழியில் ஸ்கேலீன் எனப்படும் இரு கழுத்துத் தசைகளுக்கு இடையே அது புகுந்து செல்கிறது. கைக்கான நரம்புக் கற்றையும் அதே இடைவெளியில்தான் வருகிறது. இடம் குறுகல். சிலருக்குக் கழுத்தின் ஏழாவது முள்ளெலும்பிலிருந்து கூடுதலாக ஒரு விலா எலும்பு வளர்ந்திருக்கும். அது இந்த வழியை நெருக்கினால் கை மரத்துப்போகலாம், குளிர்ந்துபோகலாம். ஒரு மாணவர் கை அடிக்கடி மரத்துப்போவதாகச் சொன்னால், பெற்றோரிடம் கூறி மருத்துவரிடம் காட்டச் செய்வது நல்லது.

கைக்குப் போகும் இதே தமனியிலிருந்து முள்ளெலும்புத் தமனி என்ற கிளை மேலே செல்கிறது. கழுத்து முள்ளெலும்புகளின் பக்கத் துளைகள் வழியாக, பெரும்பாலும் ஆறாவது எலும்பில் நுழைந்து, மண்டையோட்டுக்குள் ஏறுகிறது. ஆக, மூளைக்கு இரத்தம் செல்லும் முக்கிய வழிகள் நான்கு: முன்னே இரு கரோடிட், பின்னே இரு முள்ளெலும்புத் தமனிகள். இவை மூளையின் அடியில் ஒரு வளையமாக இணைகின்றன. இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கியதால் இது 'வில்லிஸ் வளையம்' எனப்படுகிறது.

ஏன் தலை சுற்றியது?

உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. இரத்த ஓட்டம் முழுதும் நின்றால் ஏறத்தாழ 10 விநாடிகளில் நினைவு தப்பும். இன்னொரு காரணமும் உண்டு. குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பு மட்டத்தில் கரோடிட் இரண்டாகப் பிரியும் இடத்தில் இரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அங்கே அழுத்தினால், இரத்த அழுத்தம் கூடிவிட்டதாக மூளை எடுத்துக்கொண்டு இதயத் துடிப்பைக் குறைக்கிறது. இரத்த நாளங்களும் விரிகின்றன. அழுத்தம் சட்டென்று இறங்குகிறது.

வகுப்பில் செய்யும் முறை

மாணவர்கள் உட்கார்ந்தபடியே செய்யட்டும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மூச்சுக்குழாயின் ஓரத்தில், கழுத்தின் கீழ்ப்பாதியில், ஒரு பக்கம் மட்டும் மெதுவாக வைக்கட்டும். கட்டைவிரல் வேண்டாம், அதன் சொந்தத் துடிப்பு குழப்பும். மற்றவர் கழுத்தைத் தொடக்கூடாது. தயங்கும் மாணவருக்கு மணிக்கட்டே போதும்.

இதே பாடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விளையாட்டுக்குக்கூட நண்பனின் கழுத்தை நெரிப்பதோ, துப்பட்டாவாலோ கயிற்றாலோ இறுக்குவதோ உயிருக்கே ஆபத்து. யாராவது மயங்கி விழுந்து, கூப்பிட்டும் அசையாமல், மூச்சும் இயல்பாக இல்லையென்றால், நாடியைத் தேடி நேரத்தைக் கடத்தாமல் உடனே பெரியவர்களை அழைத்து 108க்குத் தகவல் சொல்ல வேண்டும். பயிற்சி பெற்ற ஆசிரியர் மார்பு அழுத்த முதலுதவியைத் தொடங்கலாம்.

இப்போதெல்லாம் "தொட்டுப் பாருங்கள்" என்று சொல்வதற்கு முன்பே, "ஒரு பக்கம் மட்டும், மெதுவாக" என்று கரும்பலகையில் எழுதிவிடுகிறேன்.