பல் ஊசியும் பயமும்

"பல் போனால் சொல் போச்சு" என்பது பழமொழி. நம் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது நமக்குப் பெருமையே. ஆயினும், தின்றபின் வாய் கொப்பளிக்காவிட்டால் பல்லில் ஒட்டிய வெல்லப்பாகு சொத்தையை உண்டாக்கும். சொத்தையைவிடச் சிறுவர் அஞ்சுவது பல் டாக்டரின் ஊசிக்குத்தான். என் தம்பி அவ்வாறு அஞ்சி வலியை மறைத்ததால், அடைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய கடைவாய்ப்பல்லைப் பிடுங்க நேர்ந்தது.

கி.பி. 249-இல் அலெக்சாந்திரியாவில் பற்கள் உடைக்கப்பட்டு வேதசாட்சியான புனித அப்போலோனியாவைப் பல்வலியால் வருந்துவோர் தம் பாதுகாவலியாகக் கொண்டனர். அக்காலத்தில் வேறு துணை ஏது? 1943-இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலார் நீல்ஸ் லோஃப்கிரன் லிக்னோகெயின் என்னும் மருந்தை உருவாக்கினார். வலிச் செய்தி நரம்பின் வழியே மூளைக்குச் செல்வதை இது சிறிது நேரம் தடுக்கிறது.

வலியைப் போக்கும் ஊசியே வலிப்பது ஏன்? ஊசிமுனை குத்துவது ஒரு காரணம். மருந்து வேகமாகப் பாய்ந்து சதையை விரிப்பது மற்றொரு காரணம். ஆகவே, முதலில் ஈறின் ஈரத்தைத் துடைத்து, மரத்துப்போகச் செய்யும் களிம்பைத் தடவி, ஓரிரு நிமிடம் காத்திருக்க வேண்டும். பின்பு மெல்லிய ஊசியால், நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் அளவில் மெதுவாக மருந்தைச் செலுத்த வேண்டும். அப்போது கன்னத்தை விரலால் அசைத்துக்கொடுப்பதும் உண்டு. அடிபட்ட இடத்தை அம்மா தேய்த்துவிட்டால் வலி தணிகிறதல்லவா? தொடு உணர்ச்சி வலிச் செய்திக்கு வழியிலேயே கதவடைக்கிறது என்று 1965-இல் மெல்சாக், வால் என்னும் இரு அறிஞர்கள் விளக்கினர்.

அச்சம் வலியைப் பெருக்கும். ஆதலால் பெற்றோர்களே, "சேட்டை செய்தால் டாக்டர் ஊசி போடுவார்" என்று பிள்ளைகளை மிரட்டாதீர்கள். "வலிக்கவே வலிக்காது" என்று பொய்யும் சொல்லாதீர்கள். ஒருமுறை ஏமாந்த குழந்தை மறுமுறை வாயைத் திறக்காது. "கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், பிறகு மரத்துவிடும்" என்று உண்மையைக் கூறுங்கள். ஊசி போட்டபின் இரண்டு மூன்று மணி நேரம் உதடு மரத்திருக்கும். அதைக் குழந்தை கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோழியரே! நம்மில் சிலர் நாளை மருத்துவராகலாம், செவிலியராகலாம். அவசரப்படாத கையும் அன்பான சொல்லும் பாதி வலியைத் தீர்க்கும் என்பதை அன்று மறவாதிருப்போமாக!